காதுக்கு இமையில்லை

கண்ணுக்கு இமை கொடுத்த இயற்கை காதுக்கு அப்படியொன்றும் கொடுக்கவில்லை. காண விரும்பாததைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறோம். உறங்கும்போதும் கண் தானாக மூடிக்கொள்கிறது. காதோ பிறந்த நாள் தொட்டு இறுதி நாள் வரை திறந்தே கிடக்கிறது. காட்டில் வாழ்ந்த ஆதி மனிதனுக்கு அது நன்மையாகவே இருந்திருக்கும். உறக்கத்திலும் விலங்கின் காலடி கேட்க வேண்டுமன்றோ? ஆனால் அந்தக் காதின் பக்கத்தில் நாள்தோறும் எட்டு மணி, பத்து மணி நேரம் ஒரு டீசல் என்ஜினை ஓடவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் தாய்மாமன்தான் அந்த விடை.

களமருதூரான் ஒருவன் படகு என்ஜினைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் வியக்கலாம். எங்கள் ஊரில் ஏரி உண்டு, கிணறு உண்டு, கரும்பும் நெல்லும் உண்டு, கடல் இல்லை. எனினும் 2019இல் தனியாகப் பிரிந்த நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தண்ணீரெல்லாம் கடைசியில் கடலைத்தான் தேடிப் போகிறது. கெடிலம் கடலூரில் கடல் சேர்கிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலடைகின்றன. தண்ணீர் போன திசையிலேயே என் மாமாவும் போனார்.

அவர் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆயில் என்ஜின் பழுது பார்த்தவர். கிணற்று மேட்டில் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்கள் 'டுக் டுக்' என்று ஓடிய காலம் அது. 1990இல் தமிழக விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. மின் இணைப்புக் கிடைக்கக் கிடைக்க ஆயில் என்ஜின்கள் ஒவ்வொன்றாய்ப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கை கற்ற தொழிலை விட மனமில்லாத மாமா கடலூர் முதுநகருக்குப் போய், துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின்களைப் பார்க்கத் தொடங்கினார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அவருடைய கருவிகளில் தலையானது காது. நீண்ட திருப்புளியின் நுனியை ஓடும் என்ஜின் மீது வைப்பார். அதன் பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வார். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பாரே, அதே பாவனை. "மூணாவது நாசில் இருமுது", "வாட்டர் பம்பு பேரிங் அரைக்குது" என்று நோயைச் சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அது சரியாகவே இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் படகுக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

எந்தக் காதால் அவர் பிழைத்தாரோ அந்தக் காதைத்தான் என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது.

முதலில் கவனித்தவர் அத்தை. "பக்கத்துல இருக்கறவகிட்ட பேசறதுக்கு எதுக்கு இப்படி அக்கரையில நிக்கறவனைக் கூப்புடற மாதிரி கத்துறீங்க?" என்பார். "நீ எதுக்கு முணுமுணுன்னு பேசற?" என்பார் மாமா. பேத்தி மடியில் உட்கார்ந்து கதை சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். என்ன சொன்னாள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்தபோது ஒரு வரைபடம் எடுத்துக் கொடுத்தார்கள். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குக் கோடு ஏறக்குறைய நேராகவே போயிற்று. வினாடிக்கு 4000 அதிர்வுகள் என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலால் கெடும் காதுக்கு உரிய அடையாளம் அந்தப் பள்ளம் என்று மருத்துவர் சொன்னார்.

இதன் காரணத்தை நம் இயற்பியல் ஆசிரியரிடமும் விலங்கியல் ஆசிரியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உட்செவியில் நத்தைக் கூடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. ஒவ்வொரு காதிலும் அதனுள்ளே ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. வயலில் நாற்று காற்றுக்கு அசைவது போல் அவை ஓசைக்கு அசைந்து நரம்புக்குச் செய்தி சொல்கின்றன. மெல்லிய காற்றுக்குச் சாய்ந்த நாற்று நிமிர்ந்துவிடும்; புயலில் முறிந்த நாற்று நிமிராது. வயலிலாவது மறுநடவு செய்யலாம். மனிதக் காதில் போன மயிரணு மீண்டும் முளைப்பதில்லை.

உயர்ந்த சுருதி கேட்காமற்போனால் பேச்சு ஏன் குழம்ப வேண்டும்? தமிழில் 'கடி', 'தடி', 'படி' என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் 'அடி' என்ற ஓசை பொது. அந்த உயிரோசை தாழ்ந்த சுருதியில் வலுவாக நிற்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பது முதலில் வரும் மெய்யின் சிறு வெடிப்பு. அதன் அடையாளம் பெரிதும் உயர்ந்த சுருதிகளில் இருக்கிறது. அந்தச் சுருதி கேட்காதவருக்கு மூன்று சொல்லும் ஒரு சொல்லே. ஆகவேதான் மாமா, "கேக்குது மாப்ள, புரியத்தான் இல்ல" என்கிறார். இதை அறியாதவர்கள் "கேட்டும் கேட்காதது போல் இருக்கிறார்" என்று பழி சொல்கிறார்கள்.

எவ்வளவு ஓசை காதைக் கெடுக்கும்? ஓசையை டெசிபல் என்ற அளவால் குறிக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் இரு மடங்காகும். 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்று அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88க்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு 1 மணி. 100 டெசிபலுக்கு 15 நிமிடந்தான். மூடாத டீசல் என்ஜின் பக்கத்தில் 100 டெசிபல் என்பது அதிசயமன்று. கருவியில்லாமல் அறியவும் ஒரு வழி உண்டு. ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்கு ஆகாத இடம் என்று கொள்ளலாம்.

"காதில் பஞ்சு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று சிலர் எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். பஞ்சு பெரும்பயன் தராது. முறையான காதடைப்பான் பயன் தரும். என்ஜின் அறைக்குள் இறங்குபவர் அதை அணியத்தான் வேண்டும். ஆனால் மேலே சுக்கான் பிடிக்கும் டிரைவர் நாள் முழுதும் காதை அடைத்துக்கொண்டிருக்க இயலாது. வலையை இழுப்பவர்கள் அமரத்திலிருந்து கூப்பிடுவார்கள். வேறு படகு ஊதுகுழல் ஊதும். கம்பியில்லாக் கருவியில் எச்சரிக்கை வரும். அவற்றுள் ஒன்று கேளாமற்போனாலும் உயிருக்கே ஆபத்து. காதை மூட முடியாதவிடத்து என்ஜினைத்தான் மூட வேண்டும். காதுக்கு இல்லாத இமையை என்ஜின் அறைக்குக் கட்ட வேண்டும்.

அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் அந்நாட்களில்தான் படகுகளைச் செப்பனிடுவார்கள். சென்ற கோடை விடுமுறையில் நான் மாமாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் பொறுப்பில் ஒரு மரப்படகு இருந்தது. அதில் ஆறு சிலிண்டர் என்ஜின். டிரைவர் நிற்கும் கேபினுக்கு நேர் கீழே என்ஜின் அறை. அதை ஒட்டிய முன்புறத்தில் மீனும் பனிக்கட்டியும் வைக்கும் அறை.

என்ஜின் அறையை ஓசை புகாமல் மூடலாம் என்று மாமா சொன்னபோது உரிமையாளர் உடனே இசையவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. டீசல் கடன், வலைக் கடன், ஐஸ் கடன் என்று அவருக்குக் கவலைகள் இருந்தன. "இத்தனை வருஷமா இந்தச் சத்தத்துலதானே ஓட்டறோம்" என்றார். அப்போது மாமா பேச்சைக் காதிலிருந்து ஐஸுக்குத் திருப்பினார். "உங்க ஐஸ் ஏன் சீக்கிரம் கரையுதுன்னு கேட்டீங்களே. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மாதிரி என்ஜின் நிக்குது. நடுவுல வெறும் பலகைதான்" என்றார்.

நான் கையிலிருந்த தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பூஜ்ய டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி வெப்பம் போதும். நடுச்சுவர் வழியே 1 கிலோவாட் அளவு வெப்பம் ஒரு மணி நேரம் கசிந்தால் ஏறக்குறைய 11 கிலோ பனிக்கட்டி நீராகிவிடும். சுவரில் வைக்கப்போகும் பாறைக் கம்பளி ஓசையையும் தணிக்கும், வெப்பத்தையும் தடுக்கும். உரிமையாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, செய்யுங்க" என்றார். காதுக்காகக் கிடைக்காத சம்மதம் ஐஸுக்காகக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தால் என்ன, வேலை தொடங்கியது.

துறைமுகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தெர்மோகோல் ஒட்டச் சொன்னார் ஒருவர். முட்டை அட்டைகளை அடிக்கச் சொன்னார் மற்றொருவர். இங்கேதான் நாம் படித்த பாடம் கை கொடுக்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் பொருளெல்லாம் ஓசையைத் தடுப்பதில்லை. தெர்மோகோல் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். எடையில்லாததால் ஓசைக்கு அது வாசல் திறந்து வைத்தாற்போலத்தான். அதோடு எளிதில் தீப்பற்றும்.

காற்று வழியே வரும் ஓசையைத் தடுக்கக் கனம் வேண்டும். கனத்த சுவரை ஓசையலையால் எளிதில் அசைக்க முடியாது. சுவரின் எடையை இரு மடங்காக்கினால் ஓசை சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பொது விதி. முற்காலத்தில் இதற்கு ஈயத்தகடு பயன்பட்டது. இப்போது கனமான தாதுப் பொடி கலந்த வினைல் விரிப்புகள் கிடைக்கின்றன. பஞ்சு போன்ற மெத்தென்ற பொருளின் பணி வேறு. மூடிய அறைக்குள் ஓசை சுவரில் மோதி மோதித் திரும்புவதால் உள்ளே இரைச்சல் கூடும். அந்த மோதலை விழுங்குவதே பஞ்சின் பணி. கனம் தடுக்கிறது, பஞ்சு விழுங்குகிறது. ஒன்று மட்டும் இருந்தால் பயன் பாதிதான்.

பஞ்சுக்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆறு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடினால் வினாடிக்கு 90 வெடிப்புகள். அந்த ஓசையின் அலைநீளம் ஏறக்குறைய 3.8 மீட்டர். இரண்டு அங்குலப் பஞ்சு இவ்வளவு நீண்ட அலையை என்ன செய்யும்? அது உயர்ந்த சுருதிகளையே நன்றாக விழுங்கும். காதின் முதல் சேதம் நேரும் இடமும், பேச்சு தெளிவு பெறும் இடமும் உயர்ந்த சுருதிகள்தாமே! ஆதலின் அந்த அளவு பயனும் பெரும் பயனே. அடித்தொனி உறுமலைக் கனமான சுவரும் ரப்பர்த் தாங்கிகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமா சுவரில் கை வைக்குமுன் என்ஜினில் கை வைத்தார். "வீட்டுக்குள்ள ஒழுகறதை நிறுத்தாம வெளிய சுண்ணாம்பு அடிக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. தளர்ந்த தகடுகளை முடுக்கினார். புகைக்குழாயின் இணைப்பில் இருந்த கசிவை அடைத்தார். என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் எண்ணெய் ஊறிக் கல்லாய்ப் போயிருந்தன. என்ஜினின் நடுக்கம் அவற்றின் வழியாக மரத்தில் இறங்கிப் படகு முழுவதையும் ஒரு மத்தளமாக்கிக்கொண்டிருந்தது. ஓசை காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. மரத்திலும் இரும்பிலும் அதைவிடப் பன்மடங்கு வேகமாக ஓடுகிறது. எத்தனைச் சுவர் எழுப்பினாலும் கால்வழியே ஓடும் ஓசை நிற்காது. புதிய ரப்பர்களை வைத்து, புரொப்பெல்லர் தண்டின் நேர்கோட்டைச் சரி பார்த்தார். கரையில் ஒருமுறை பார்த்ததோடு விடவில்லை. தண்ணீரில் இறக்கிய பிறகும் ஒருமுறை பார்த்தார். நீரில் மிதக்கும்போது படகின் உடல் சிறிது வளைந்து கொடுக்கும் என்பதை எந்தப் பாடநூலிலும் படிக்காமலே அவர் அறிவார்.

பிறகு சுவர். பலகையின் மேல் கன வினைல், அதன் மேல் பாறைக் கம்பளி, அதன் மேல் எண்ணெய் ஊறாதபடி மெல்லிய உறை, எல்லாவற்றுக்கும் மேல் துளையிட்ட அலுமினியத் தகடு. உறை மிகவும் முக்கியம். எண்ணெய் குடித்த பஞ்சு விளக்குத் திரிக்குச் சமம். ஒரு பொறி பட்டால் போதும். விலை மலிவு என்று மெத்தைக் கடை ஸ்பாஞ்சை ஒட்டினால் அது நச்சுப் புகையோடு எரியும். கடலில் தீ என்றால் ஓட இடமேது? புகைக்குழாயைச் சுற்றப் பலரும் கல்நார்க் கயிற்றைத்தான் கேட்பார்கள். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோய் தரும். மாமா கண்ணாடி இழை நாடாவைச் சுற்றினார். என்ஜினுக்கு அடியிலுள்ள பகுதியை மட்டும் எதுவும் ஒட்டாமல் விட்டார். அங்கே எண்ணெய் சொட்டினாலும் கடல்நீர் ஊறினாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் நாங்கள் அதிகம் உழைத்தது இடுக்குகளை அடைக்கத்தான். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மூடிப்பலகையின் ஒரு பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் இடுக்கு இருப்பதாகக் கொள்வோம். அது மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. பலகை 30 டெசிபல் குறைக்க வல்லதானால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு ஓசையாற்றலையே வெளியே விடும். இடுக்கோ நூற்றில் ஒரு பங்கை விட்டுவிடும். முழுப் பலகையும் விடுவதைப் போல் பத்து மடங்கை அந்தச் சிறு இடுக்கு விடுகிறது! ஆதலால் மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங் வைத்து, அழுத்திப் பிடிக்கும் கொக்கிகள் போட்டோம். குழாயும் கம்பியும் கேபினுக்குள் நுழையும் துளைகளை ஒவ்வொன்றாய் விளக்கு வைத்துத் தேடி அடைத்தோம். வெளிச்சம் தெரிந்த இடமெல்லாம் ஓசைக்கும் வழி.

அப்படியானால் முழுவதும் அடைத்துவிடலாமா? கூடாது. என்ஜினும் மூச்சு விட வேண்டும். 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு என்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாமலே ஏறத்தாழ 5,400 லிட்டர் காற்றை இழுக்கும். அறையின் சூட்டை வெளியேற்ற வேண்டிய காற்று இதற்கு மேல். காற்று குறைந்தால் வலு குறையும், கரும்புகை கூடும். காற்றை விட வேண்டும், ஓசையை விடக் கூடாது. இதுதான் இந்த வேலையின் முடிச்சு. உள்ளே பாறைக் கம்பளி ஒட்டிய, இரண்டிடத்தில் வளைந்த மரக்கூண்டுகள் இரண்டு செய்தோம். ஒன்றின் வழியே புதுக்காற்று கீழே வரும். மற்றொன்றின் வழியே சூடான காற்றை விசிறி மேலே தள்ளும். காற்று வளைந்து போய்விடும். ஓசையோ ஒவ்வொரு வளைவிலும் கம்பளியில் மோதி மெலியும்.

வேலை முடியும் தறுவாயில் மாமாவே ஓர் ஐயத்தைக் கிளப்பினார். "சத்தமே கேக்கலன்னா என்ஜினுக்கு நோவு வந்தா டிரைவருக்கு எப்படிடா தெரியும்?" அது நல்ல கேள்வி. எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும், சூடு மிகுந்தாலும் கேபினில் மணி அடித்து விளக்கு எரியும்படி இணைப்புக் கொடுத்தோம். தவிர, பெரிய இரைச்சலில் சிறிய குறை மறைந்துதான் போகிறது. இரைச்சல் தணிந்தால் புதிய ஓசை ஒன்று எழும்போது அது தனியே தெரியும். மாமா ஒப்புக்கொண்டார். நாளுக்கு ஒருமுறையாவது மூடியைத் திறந்து, காதடைப்பான் அணிந்து, கண்ணால் பார்த்துவர வேண்டும் என்று டிரைவரிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்.

தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போயிற்று. அதற்கு முன் கேபினில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடியும். இப்போது குரலைச் சற்று உயர்த்தினால் போதும். அடித்தொனி உறுமல் இன்னும் காலில் தெரிகிறது; அதை முழுதும் போக்க அந்தச் சிறிய படகில் இடமில்லை. டிரைவர் சொன்ன ஒரு வார்த்தை என் நினைவில் நிற்கிறது: "கரைக்கு வந்தப்புறமும் ராத்திரியெல்லாம் காதுக்குள்ள என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். இப்போ ஓடல." உரிமையாளரோ ஐஸைப் பற்றியே மகிழ்ச்சியாகப் பேசினார்.

இந்த அறிவு புதியதன்று, அரியதும் அன்று. நம் ஊர்த் திருமண மண்டபங்களின் வாசலில் பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஜெனரேட்டர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், பெட்டிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்பக் கூடாது என்ற விதி 2005 ஜனவரி 1 முதல் தயாரானவற்றுக்கு உண்டு. பெரிய கப்பல்களுக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஓசை விதித்தொகுப்பு 2014 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று; அதன்படி என்ஜின் அறையிலும் 110 டெசிபலைத் தாண்டலாகாது. அந்தத் தொகுப்பு மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சில மணி நேரம் விருந்துண்ண வருபவரின் காதுக்குப் பாதுகாப்பு இருக்கிறது; வாழ்நாளெல்லாம் என்ஜின் மேல் நிற்பவரின் காதுக்கு இல்லை.

நம் கடலில் என்ஜின் ஓடத் தொடங்கி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய திட்டம், மீன்பிடிப் படகில் என்ஜின் ஏற்றும் வேலைக்குப் பெரிய தொடக்கமாயிற்று. துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்தவர்களுக்கு என்ஜின் பெரிய விடுதலைதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தோளின் பாரம் காதுக்கு மாறியதை அன்று யாரும் கணக்கில் எழுதவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளின் நிலை இன்னும் கடினம். அவற்றில் என்ஜின் திறந்த வெளியில் நிற்கிறது. காற்றால் குளிரும் என்ஜினைப் பெட்டியில் அடைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். நல்ல சைலன்சரும் காதடைப்பானுமே இப்போதைக்கு அவர்களுக்கு உள்ள வழி.

கடலை விட்டு நம் பக்கத்துக்கு வருவோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சியைச் சுற்றி அரிசி ஆலைகள் இருக்கின்றன. மர அறுவை மில்லும், கல் உடைக்கும் எந்திரமும், நெல் அடிக்கும் எந்திரமும் ஓடுகின்றன. நம்மில் பலருடைய தந்தையர் அங்கே வேலை செய்கிறார்கள். நம்மில் சிலரே விடுமுறையில் அங்கே வேலை செய்கிறோம். கை நீளத் தொலைவில் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கண் பரிசோதனை நடத்துகிறோமே, அதனோடு காதுப் பரிசோதனையையும் சேர்க்கும்படி நம் ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் மொழியில் கற்றலுக்கு இணையாகக் கேள்வியைப் போற்றி, திருக்குறளில் ஓர் அதிகாரமே அதற்கு இருக்கிறது. கேட்கும் காதைக் காப்பதும் அந்தப் போற்றுதலில் அடங்கும்.

மாமாவின் காது திரும்பப் போவதில்லை. அதை அவரும் அறிவார். கருவி வைத்துக்கொண்டால் ஓசை பெரிதாகிறதே தவிர, சொல் தெளிவாவதில்லை என்கிறார். இப்போது திருப்புளியைக் காதில் வைப்பதில்லை. விரல் நுனிகளை என்ஜின் மேல் வைத்து நடுக்கத்தைக் கொண்டே குறையைச் சொல்கிறார். அவரிடம் தொழில் பழகும் பையனுக்கு என் வயதுதான். திருப்புளி இன்று அவன் காதில் இருக்கிறது. என்ஜினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது நேரமே கேட்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் காதடைப்பான் போட வேண்டும் என்று மாமா அவனுக்குக் கட்டளை இட்டிருக்கிறார். "ரெண்டாவது டாப்பெட்டு தட்டுது மேஸ்திரி" என்று அவன் விரலைக் காட்டிச் சொன்னால், மாமா தம் கையை அங்கே வைத்துப் பார்த்துத் தலையசைக்கிறார். அந்தப் பையனுடைய காது நாற்பது ஆண்டுகள் கழித்தும் அவன் பேத்தி சொல்லும் கதையைக் கேட்க வேண்டும். நாங்கள் அந்தக் கோடையில் செய்த வேலை அவனுக்காகத்தான்.